வாகைக்குளம் முதல் பலாலி வரை: வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி வாகைக்குளம் ஓடுபாதையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி ஓடுபாதைக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போடுங்கள். அதன் நடுப்புள்ளி இராமநாதபுரம் மாவட்டத்தில், புதுமடத்துக்கும் வேதாளைக்கும் இடைப்பட்ட கடற்கரையை ஒட்டி விழும். இந்த இரண்டு நிலையங்களுக்கும் நட்டநடுவில் இருக்கிறவர்கள் இந்தக் கரைக்காரர்கள்தான். இன்று இந்தக் கோட்டில் நேரடிப் பயணிகள் சேவை கிடையாது. ஆனாலும் "எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம்" என்ற கேள்வி இங்கே ஓயாமல் கேட்கப்படுகிறது. இணையத்தில் தேடினால் 230, 254, 137, 158 என்று ஆளுக்கொரு எண் வருகிறது. பறக்கும் நேரம் என்று அரை மணி நேரத்தைப் போட்டுவிடுகிறார்கள். தூர எண்களில் மூன்று ஒரே தூரத்தையே குறிக்கின்றன, ஒன்று தவறு. அரை மணி நேரம் என்பதோ எந்த விமானத்துக்கும் பொருந்தாத கணக்கு.

கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரை வைத்தே இதைச் சரியாகப் போட்டுவிடலாம். பலாலிக்குக் காட்டும் அதே முறை மதுரை, திருச்சி, உச்சிப்புளி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் சரியான புள்ளியைப் பிடியுங்கள்

பெரும்பாலான பிழைகள் தூரக் கணக்கில் வருவதில்லை. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு அளக்கிறோம் என்பதில்தான் வருகின்றன. வரைபடச் செயலியில் "தூத்துக்குடி" என்று போட்டால் அது ஊர் நடுவைக் காட்டும். விமான நிலையமோ திருநெல்வேலி சாலையில் ஊருக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தள்ளி வாகைக்குளத்தில் இருக்கிறது. பலாலியும் யாழ்ப்பாண நகருக்கு வடக்கே ஏறக்குறைய அதே அளவு தள்ளித்தான் இருக்கிறது. ஊருக்கு ஊர் அளந்தால் 230 கி.மீ. வரும். நிலையத்துக்கு நிலையம் அளந்தால் 254. மேலே சொன்ன தவறான எண் அந்த 230தான்.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறிப்புப் புள்ளி என்று ஒன்றை அதிகாரப்பூர்வமாக வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஓடுபாதையின் நடுவை ஒட்டி இருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும்.

- வாகைக்குளம்: வடக்கு 8°43′27″, கிழக்கு 78°01′33″
- பலாலி: வடக்கு 9°47′32″, கிழக்கு 80°04′12″

நிலையத்தின் குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கு டிசிஆர், திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி, திருச்சிக்கு டிஆர்இசட். ஓர் எழுத்து மாறினால் கணக்கு வேறு ஊருக்குப் போய்விடும். நான்கெழுத்துக் குறியீட்டில் இந்தக் குழப்பம் குறைவு. தூத்துக்குடி விஓடிகே, பலாலி விசிசிஜே. தென்னிந்திய நிலையங்களின் குறியீடு விஓ என்றும் இலங்கை நிலையங்களுடையது விசி என்றும் தொடங்கும்.

அடுத்து, பாகை-நிமிடம்-விநாடியைத் தசமமாக மாற்ற வேண்டும். நிமிடத்தை 60 ஆலும், விநாடியை 3,600 ஆலும் வகுத்து, பாகையோடு கூட்டுங்கள். 8 + 43/60 + 27/3,600 = 8.724. இதேபோல் மற்றவை: 78.026, 9.792, 80.070.

8°43′ என்பதை 8.43 என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதனால் மட்டும் 33 கி.மீ. அளவுக்குப் புள்ளி தெற்கே நகர்ந்து கடலோரம் போய்விடும். விசைப்படகு ஜிபிஎஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்தக் கருவி பெரும்பாலும் பாகையையும் தசம நிமிடத்தையும் காட்டும்: 8°43.45′. இதில் .45 என்பது 45 விநாடி அல்ல, 27 விநாடி. படகுக் கருவியின் எண்ணை எடுத்தால் நிமிடப் பகுதி முழுவதையும் 60 ஆல் வகுத்தால் போதும். விநாடி என்று தனியாக எதையும் வகுக்கக் கூடாது.

தூரக் கணக்கு

அட்சரேகையில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. இது படகுக்காரர்கள் சொல்லும் அதே நாட்டிகல் மைல்தான். விமானக் கணக்கும் அதிலேயே ஓடுகிறது. தீர்க்கரேகையில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில் 60 கடல் மைல் இருந்து, வடக்கே போகப் போகச் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை அந்த அட்சரேகையின் கோசைன் சொல்லும்.

வடக்கு-தெற்கு வித்தியாசம்: 9.792 − 8.724 = 1.068 பாகை. 60 ஆல் பெருக்கினால் 64.1 கடல் மைல்.

கிழக்கு-மேற்கு வித்தியாசம்: 80.070 − 78.026 = 2.044 பாகை. 60 ஆல் பெருக்கினால் 122.6. இரண்டு நிலையங்களின் சராசரி அட்சரேகை 9.26. அதன் கோசைன் 0.987. பெருக்கினால் 121.0 கடல் மைல்.

இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான். 64.1-இன் வர்க்கத்தையும் 121.0-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 137 கடல் மைல் வரும். 1.852 ஆல் பெருக்கினால் 254 கி.மீ. நில மைலில் 158. ஆக 137, 158, 254 மூன்றும் ஒன்றே. வெறுமனே "மைல்" என்று போட்டிருக்கும் பக்கங்களை நம்பாமல் எந்த மைல் என்று பாருங்கள்.

கால்குலேட்டரில் கோசைன் எடுக்கும்போது அது பாகை முறையில் இருக்கிறதா, ரேடியன் முறையில் இருக்கிறதா என்று சோதிப்பது அவசியம். 9.26-க்கு எதிர்மறை எண் வந்தால் ரேடியனில் இருக்கிறது என்று பொருள்.

பூமி உருண்டையாக இருக்க, தட்டையாக வைத்துக் கணக்குப் போடலாமா என்ற கேள்வி நியாயமானது. நம் அட்சரேகையில், 500 கி.மீ.க்குள் இந்த எளிய முறையில் வரும் பிழை பொருட்படுத்தும் அளவில் இல்லை. பூமியின் துருவத் தட்டையையும் சேர்த்துத் துல்லியமாகப் போட்டாலும் இதே 254 கி.மீ.தான் வருகிறது. சென்னை-டெல்லி போன்ற நீண்ட தூரத்துக்குத்தான் கோள முக்கோணவியல் சூத்திரம் தேவை.

திசையும் இதிலேயே கிடைத்துவிடும். 121.0-ஐ 64.1 ஆல் வகுத்து, அதற்கான டேன்ஜென்ட் கோணத்தை எடுத்தால் 62 பாகை. அதாவது வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி 62 பாகை திரும்பிய திசை. திரும்பி வரும்போது 242. காற்றுக் கணக்குக்கு இந்த எண் வேண்டும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு போகும் வழியும் விமானம் போகும் வழியும்

அந்த நேர்கோடு வாகைக்குளத்தை விட்டு மன்னார் வளைகுடா மேலாக வந்து, மண்டபத்தின் தலைக்கு மேல் போகிறது. பாம்பனுக்கு வடக்கே சுமார் 6 கி.மீ. தள்ளிப் பாக் விரிகுடாவுக்குள் நுழைந்து, கச்சத்தீவுக்கும் வடக்காகப் போய்ப் பலாலியை அடைகிறது. காகிதத்தில் அழகான வழிதான். விமானம் அப்படியே போகாது. அதற்குக் காரணங்கள் உண்டு.

நேர்கோட்டிலிருந்து சுமார் 11 கி.மீ. வடக்கே உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. 2009-இல் இந்தப் பெயரோடு கடற்படையில் இணைக்கப்பட்ட தளம் இது. ஹெலிகாப்டர்களும் ஆளில்லா விமானங்களும் கண்காணிப்புக்காக இங்கிருந்து பறக்கின்றன. இராணுவத் தளத்தைச் சுற்றிய வான்பகுதிக்குள் பயணிகள் விமானம் ஒருங்கிணைப்பு இல்லாமல் நுழைய முடியாது. உயரமாகக் கடக்கலாம், அல்லது கட்டுப்பாட்டாளர் சொல்லும் வழியில் ஒதுங்கிப் போகலாம்.

பாக் விரிகுடா மேலே சென்னை வான்தகவல் பகுதி (சென்னைக் கட்டுப்பாட்டாளர்களின் பொறுப்பில் உள்ள வான்பரப்பு) முடிந்து கொழும்பு வான்தகவல் பகுதி தொடங்குகிறது. ஒரு பக்கத்துக் கட்டுப்பாட்டாளர் இன்னொரு பக்கத்தாரிடம் விமானத்தை ஒப்படைப்பது இதற்கென்று பெயரிட்ட புள்ளிகளில்தான். அந்தப் புள்ளிகள் நம் நேர்கோட்டின் மேலேயே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஓடுபாதையின் திசையும் தூரத்தைக் கூட்டும். வாகைக்குளத்தின் ஓடுபாதை கிழக்கு-மேற்காகக் கிடக்கிறது. மேற்குக் காற்றில் விமானம் மேற்கு நோக்கித்தான் எழும்பும். பிறகு திரும்பித்தான் கிழக்கே போக முடியும்.

இவை எல்லாவற்றுக்குமாக நேர்கோட்டுத் தூரத்தில் 5 முதல் 10 விழுக்காடு கூட்டிக்கொள்வது நடைமுறை. இங்கே 10 கடல் மைல் சேர்த்து 147 என்று வைப்போம்.

நிமிடக் கணக்கு

254 கி.மீ.யை 500 ஆல் வகுத்து அரை மணி நேரம் என்று சொல்லிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. மணிக்கு 500 கி.மீ. என்பது சமநிலையில் பறக்கும்போது மட்டும் உள்ள வேகம். குறுந்தூரத்தில் விமானம் அந்த வேகத்தில் இருக்கும் நேரமே கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் ஊர்வது, ஏறுவது, இறங்குவது.

இந்தத் தூரத்துக்கு ஏற்ற விமானம் ஏடிஆர் 72. எழுபது முதல் 78 பேர் வரை கொள்ளும் டர்போபிராப், அதாவது சுழல்விசிறி விமானம். திருச்சி-யாழ்ப்பாணம் வழியில் ஓடுவதும் இதுதான். சமநிலை வேகம் சுமார் 270 நாட், அதாவது மணிக்கு 500 கி.மீ. நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். இவ்வளவு குறுகிய வழியில் உச்ச உயரமான 25,000 அடிக்கு ஏறுவது வீண். 15,000 அடி போதும். கிழக்குப் பாதிக்குப் போகும் விமானங்கள் ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்குப் பாதிக்குப் போகிறவை இரட்டைப்படையிலும் பறக்க வேண்டும் என்பது விதி. ஆகவே போகும்போது 15,000, வரும்போது 14,000 அல்லது 16,000.

1. தரையில் ஊர்ந்து ஓடுபாதை முனைக்குப் போவது: 7 நிமிடம்.
2. ஏற்றம்: நிமிடத்துக்குச் சராசரி 1,250 அடி வீதம் 15,000 அடிக்கு 12 நிமிடம். ஏறும்போது சராசரி வேகம் சுமார் 180 நாட்தான். இதில் 36 கடல் மைல் கழியும்.
3. இறக்கம்: ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 15,000 அடிக்கு 45 கடல் மைல். சராசரி 230 நாட் வேகத்தில் 12 நிமிடம்.
4. சமநிலை: 147-இல் 36-ஐயும் 45-ஐயும் கழித்தால் மிச்சம் 66 கடல் மைல். 270 நாட் வேகத்தில் 15 நிமிடம்.
5. ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்கும் சுற்று: சுமார் 10 கடல் மைல், மெதுவான வேகத்தில் 4 நிமிடம்.
6. தரையிறங்கி நிற்குமிடம் வரை: 4 நிமிடம்.

மொத்தம் 54 நிமிடம். அதில் வானில் இருப்பது 43. முழு வேகத்தில் போவது வெறும் 15 நிமிடம். இதனால்தான் குறுந்தூரத்தில் வேகமான விமானத்தால் பெரிய லாபம் கிடைப்பதில்லை. ஜெட் விமானம் சமநிலை வேகத்தில் ஏடிஆரை வெகுவாக மிஞ்சும், ஆனால் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் என்ற வரம்பு அதற்கும் உண்டு. இந்த வழியில் மிஞ்சுவது ஐந்தாறு நிமிடம், எரிபொருள் செலவோ மிகக் கூடுதல்.

ஒவ்வொரு முறையும் இப்படிப் பிரித்துப் போட நேரமில்லை என்றால் ஒரு சுருக்கு வழி: நேர்கோட்டுக் கடல் மைலை 4.5 ஆல் வகுத்து 23 கூட்டுங்கள். 137-க்கு 53 வரும். 60 முதல் 200 கடல் மைல் வரை ஏடிஆர் வழிகளுக்கு இது நம்பத்தக்கது.

காற்று எவ்வளவு மாற்றும்

மேலே போட்டது காற்றில்லாத கணக்கு. இராமநாதபுரம் கடற்கரையில் காற்றில்லாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, சில ஆயிரம் அடி உயரத்தில் மேற்குக் காற்று 25 நாட், சில நாள் அதற்கும் மேல் இருக்கும். அது 250 பாகையிலிருந்து வீசுகிறது என்று வையுங்கள். நம் விமானம் 62 பாகை நோக்கிப் போகிறது. ஏறக்குறைய நேர் முதுகுக் காற்று.

வானில் 43 நிமிடத்தில் கடக்கும் 157 கடல் மைலுக்குச் சராசரி வேகம் 219 நாட். போகும்போது 25 கூடி 244, ஆகவே 39 நிமிடம். வரும்போது 25 குறைந்து 194, ஆகவே 49 நிமிடம். ஒரே வழி, ஒரே விமானம், பத்து நிமிட வித்தியாசம். முதுகுக் காற்றில் நான்கு நிமிடம் கிடைக்கிறது, எதிர்க்காற்றில் ஆறு நிமிடம் போகிறது என்பதைக் கவனியுங்கள். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் போகவர இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டாது.

வாடைக்காலத்தில் இது தலைகீழ். அப்போது பலாலி நோக்கிப் போவதுதான் மெதுவு. பொதுவாக அந்த உயரத்தில் கிழக்குக் காற்று 10, 15 நாட் அளவில்தான் இருப்பதால் நேர மாற்றம் சிறியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நேரத்தைத் தின்பது மழைமேகமும் தாழ்வு மண்டலமும்தான். திரண்ட இடிமேகத்தைச் சுற்றிப்போக 20 கடல் மைல் விலகினால் 5 நிமிடம் கூடும். மேகம் ஓடுபாதையின் மேலேயே நின்றால் வட்டமடிக்க வேண்டும், அல்லது மாற்று நிலையத்துக்குப் போக வேண்டும்.

கணக்கைச் சோதிக்க ஓர் உண்மை வழி

திருச்சியிலிருந்து பலாலிக்கு 2025 மார்ச் 30 முதல் சேவை தொடங்கியது. திருச்சி நிலையத்தின் புள்ளி 10.765, 78.710. மேலே சொன்னபடி போட்டால் 99 கடல் மைல், 184 கி.மீ. வரும். சுருக்கு வழியில் 99-ஐ 4.5 ஆல் வகுத்து 23 கூட்டினால் 45 நிமிடம். அட்டவணையிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று இருக்கும்.

கணக்கு தவறல்ல. சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகர்வது முதல் போய்ச் சேர்ந்து நிற்பது வரையான நேரத்தை பிளாக் டைம் என்பார்கள். அட்டவணையில் அதைத்தான் போடுவார்கள். அதோடு எதிர்க்காற்று, வரிசையில் காத்திருப்பு ஆகியவற்றுக்காகப் பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்துவிடுவார்கள். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேர மண்டலத்தில் இருப்பதால் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேரடியாகக் கழித்துவிடலாம். வாகைக்குளம்-பலாலிக்கு ஒரு நாள் அட்டவணை வந்தால் அதில் 1 மணி 5 நிமிடம் முதல் 1 மணி 10 நிமிடம் வரை எதிர்பார்க்கலாம்.

ஓடுபாதையும் எரிபொருளும்

தூரம் குறைவு என்பதால் மட்டும் ஒரு வழி சாத்தியமாகிவிடாது. முழு எடையோடு எழும்ப ஏடிஆர் 72-க்குக் கடல் மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில் சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதை தேவை. மே மாத மதியம் 38 பாகையில் காற்று மெலிந்துவிடுவதால் அது கூடும். வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை 1,351 மீட்டர். வெயில் நேரத்தில் விளிம்பில் நின்ற நீளம் அது. இப்போது 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலை 26 அன்று புதிய முனையத்தையும் திறந்துவிட்டார்கள். அந்தத் தடை அங்கே நீங்கிவிட்டது.

எரிபொருளில், பலாலி வரை போக சுமார் 500 கிலோ. அதை மட்டும் ஏற்றினால் போதாது. அதன்மேல் 5 விழுக்காடு, பலாலியில் இறங்க முடியாவிட்டால் திருச்சி போன்ற மாற்று நிலையத்துக்கு 99 கடல் மைல் போகத் தேவையானது, அதற்கும் மேல் 30 நிமிடம் வட்டமடிக்கத் தேவையானது எல்லாம் சேர வேண்டும். கூட்டிப் பார்த்தால் பயணத்துக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருக்கும்.

உச்சிப்புளியிலிருந்து பறந்தால்

சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலில் இராமநாதபுரமும் இடம்பெற்றது. 2025 மார்ச் மாத மாநில நிதிநிலை அறிக்கையில் இராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தார்கள். எந்த இடம் முடிவானாலும் கணக்கு பெரிதாக மாறாது என்பதால், உச்சிப்புளியை 9.33, 78.97 என்று வைத்துப் பார்க்கலாம்.

வாகைக்குளத்துக்கு 67 கடல் மைல், 124 கி.மீ. மதுரைக்கு 60 கடல் மைல், 111 கி.மீ. பலாலிக்கு 71 கடல் மைல், 131 கி.மீ. ஏடிஆரில் மூன்றுமே 36 முதல் 39 நிமிடம். இங்கே 19 பேர் போகும் டோர்னியர் 228-ஐ எடுத்துப் பார்ப்பது பயனுள்ளது. அதன் வேகம் 200 நாட் என்று வைத்தால் நிமிடத்துக்கு 3.3 கடல் மைல். வாகைக்குளத்துக்கு 20 நிமிடம் பறத்தல், தாழ்வாகப் பறப்பதாலும் சுற்று சிறியதாலும் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்குமான கூடுதல் நேரம் 15 நிமிடம் போதும். மொத்தம் 35. மெதுவான சிறு விமானம் ஏடிஆருக்குச் சமமாகவே போய்ச் சேர்கிறது. ஓடுபாதையும் ஏறக்குறைய 800 மீட்டர் இருந்தால் போதும். இந்தக் கரைக்கு எந்த விமானம் பொருந்தும் என்று பேசுகிறவர்கள் இருக்கை எண்ணிக்கைக்கு முன்னால் இதைப் பார்ப்பது நல்லது.

மதுரைக்கு 36 நிமிடம் என்பதற்காக மகிழ வேண்டாம். இராமநாதபுரத்திலிருந்து மதுரை நிலையத்துக்குக் காரில் இரண்டேகால் மணி நேரம். விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது, உச்சிப்புளிக்கு 15 கி.மீ. செல்வது, இறங்கி வெளியே வருவது எல்லாம் கூட்டினால் அதே இரண்டு, இரண்டேகால் மணிதான். மதுரைக்கு விமானம் விடுவதில் பொருளில்லை. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விட்டால்தான் இந்த ஊருக்கு நேரம் மிச்சம்.

இன்றைக்கு யாழ்ப்பாணம் போக வேண்டியவருக்கு

இராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாண நகரம் நேர்கோட்டில் 90 கி.மீ.க்கும் குறைவு. ஆனால் குடியேற்றப் பிரிவும் சுங்கமும் உள்ள நிலையத்திலிருந்துதான் வெளிநாட்டுக்குக் கிளம்ப முடியும். அதனால் விமானத்தில் போக அருகிலுள்ள வழி திருச்சிதான். இராமநாதபுரத்திலிருந்து தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாக 190 கி.மீ. ஒட்டி வரும், நான்கு மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். பலாலியில் குடியேற்றச் சோதனையும் பெட்டியும் 40 நிமிடம். அங்கிருந்து நகருக்கு இன்னொரு 40 நிமிடம். கூட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அதில் விமானம் வானில் இருப்பது முக்கால் மணி நேரம்கூட இல்லை.

இதில் குறைக்கக்கூடிய இடம் ஒன்றுதான். முந்தின இரவே காரைக்குடியிலோ திருச்சியிலோ தங்கிவிட்டால் காலைச் சாலை நெரிசல் பயம் இல்லை. இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதி விதி அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடுவதற்கு முன்பே அப்போதைய விதியைப் பாருங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போவதானால், பலாலியில் இறங்கிய அன்றே முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்பும் நாளில் திருச்சியிலிருந்து வேறு ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டுமென்றால் நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகளில் முதலாவது தாமதமானால் இரண்டாவதற்குப் பணம் திரும்பாது.